எது வரை வெளிச்சம், எங்கிருந்து இருட்டு? இடைநிலையைப் பார்க்கவும் வரையவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரோ உள்ளே வந்து, "இந்த இருட்டுல என்ன படிக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே விளக்கைப் போடுகிறார்கள். நீங்கள் இருட்டில் படிக்கவே இல்லை. எழுத்து நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. வந்தவருக்கு அது இருட்டு. மூன்று மணியிலிருந்து அங்கேயே இருந்த உங்களுக்கு வெளிச்சம். அறையில் இருந்த ஒளி என்னவோ ஒன்றுதான்.

இங்கே வரும் பயிற்சிகள் எல்லாம் இந்தச் சின்னச் சச்சரவிலிருந்து கிளைப்பவை. வெளிச்சமும் இருட்டும், உருவமும் பின்னணியும், பறவையும் மீனும் என்று எதிரும் புதிருமான இரண்டுக்கு நடுவே படத்தில் பாலம் போட வேண்டுமென்றால், நடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தாளில் குறித்துவைக்கக்கூடிய ஒரு புள்ளி என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம், நானும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது, கண் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். அதை வேண்டிய இடத்துக்கு நகர்த்தப் பழகுவதுதான் இந்த வேலை.

தேவையானவை: கொஞ்சம் தடித்த வரைதாள், எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ரப்பர், கத்தரிக்கோல், ஒரு மேஜை விளக்கு, ஒரு முட்டை. கைபேசியில் கேமரா இருந்தால் சரிபார்க்க உதவும். வரையத் தெரியாதவர்களும் படி 5 வரை தாராளமாகச் செய்யலாம்.

தொடங்கும் முன்: கரைவது வேறு, புரள்வது வேறு

இரண்டு எதிர்நிலைகளுக்கு நடுவே போக இரண்டு விதமான வழி இருக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல படங்கள் கெட்டுப்போகின்றன.

முதலாவது, கரைவது. சாயங்கால வானம் மாதிரி. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைப் போலவே இருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு. கிமு நான்காம் நூற்றாண்டில் மிலேட்டஸ் ஊர்க்காரரான யூபுலிடீஸ் கேட்டதாகச் சொல்லப்படும் புதிர் இந்த வகை: மணல் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே வந்தால், எந்த மணியை எடுத்தபோது அது குவியல் இல்லாமல் போனது?

இரண்டாவது, புரள்வது. இதில் நடு என்ற ஒன்றே கிடையாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். மரத்தில் செய்த யானையை வைத்துத் திருமூலர் சொன்னதும் இதைத்தான்: யானையைப் பார்க்கும்போது மரம் மறைகிறது, மரத்தைப் பார்க்கும்போது யானை மறைகிறது. பாதி யானை, பாதி மரம் என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் சொல்ல வந்தது ஆன்மிகம். ஆனால் புலனறிவு பற்றிய பாடமாக எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு குறையும் இல்லை.

கரைவதைப் படி 1 முதல் 5 வரையிலும், புரள்வதை 6-லும் பார்ப்போம். 7-இல் இரண்டும் ஒரே படத்தில் வரும்.

படி 1: ஒரு அந்திப்பொழுதை முழுதாகப் பாருங்கள்

பென்சிலைத் தொட வேண்டாம். ஒரு சிவப்புப் பொருளும் ஒரு நீலப் பொருளும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அடர்த்தியாகத் தெரிய வேண்டும். புத்தக அட்டை, துணி எதுவும் போதும். சூரியன் மறைய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவற்றை வெளியே வைத்து, எதிரே உட்காருங்கள். விளக்கு வேண்டாம். கைபேசியைத் திறந்தால் ஆட்டம் காலி, திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

வானியலாளர்கள் இந்த நேரத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை ஒன்று, 12 பாகை வரை ஒன்று, 18 பாகை வரை ஒன்று. அதற்கப்புறம்தான் முழு இரவு. கணக்குக்கு இது வசதி. உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் கோடுகள் எங்கேயும் தெரியாது.

தெரிவது வேறு. முதலில் சிவப்பு கறுக்கத் தொடங்கும். அதே நேரத்தில் நீலம் இன்னும் உயிரோடு இருக்கும், சொல்லப்போனால் முன்பைவிடப் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும். இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்து எழுதியவர் செக் உடலியலாளர் புர்கின்யே. பகலில் வேலை செய்யும் கூம்பு செல்கள் ஓய்வுக்குப் போய், இரவுக்கான கோல் செல்கள் பொறுப்பேற்கும் நேரம் அது. கூம்புகள் மொத்தமாகப் பச்சை கலந்த மஞ்சளுக்கு, அதாவது சுமார் 555 நானோமீட்டருக்கு, அதிகம் கிளர்கின்றன. கோல்கள் சுமார் 507 நானோமீட்டருக்கு, நீலம் பக்கம் நகர்ந்துவிடுகின்றன. சிவப்பு அவற்றுக்கு அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை.

இன்னும் இருட்டியதும் ஒரு வேலை செய்யுங்கள். பொருளை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். நேராகப் பார்த்தபோது மங்கியது ஓரப்பார்வையில் தெளியும். பார்வையின் நட்டநடுப் புள்ளியில் கோல் செல்களே இல்லை என்பதுதான் காரணம். முகம் வரையும்போது இது திரும்ப வரும்.

முடிந்தால் இதையே ஒரு நாள் விடியலில் செய்யுங்கள். வைகறையில் சூரியன் 6 பாகை கீழே இருக்கும்போது வரும் ஒளியும் அந்தியில் அதே கோணத்தில் வரும் ஒளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் விடியலில் அது தாராளமான வெளிச்சமாகவும் அந்தியில் பற்றாக்குறையாகவும் படும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது ஆகிறது. விடியலில் வரும் கண் ஏற்கெனவே பழகிய கண். ஜன்னலோரச் சச்சரவேதான், இந்த முறை வானத்தில்.

படி 2: ஒன்பது கட்டம்

எல்லா ஓவியப் பள்ளியிலும் முதல் வாரம் போடச் சொல்லும் பயிற்சி இது. எல்லோரும் அவசரமாக முடித்துவிட்டு மறந்துபோவதும் இதைத்தான். நிதானமாகச் செய்யுங்கள், ஒரு முழு மாலை ஆகட்டும்.

ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்பது கட்டங்களை ஒரே வரிசையில் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள். ஒன்பதாவதை 6பி-யால் இதற்கு மேல் கறுக்காது என்னும் வரை நிரப்புங்கள். இப்போது இரண்டாவது கட்டத்துக்குப் போகாதீர்கள். ஐந்துக்குப் போங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரிநடுவாகத் தெரியும் சாம்பலை அங்கே கொண்டுவாருங்கள். அப்புறம் 3, 7. கடைசியில் 2, 4, 6, 8. ஒன்றிலிருந்து வரிசையாகப் போனால் கை பயந்துபயந்து கறுக்கும். ஆறாவது கட்டத்தில் இருப்பதெல்லாம் தீர்ந்துபோய், மிச்சமுள்ள மூன்றும் ஒரே கரியாகிவிடும். என் முதல் நான்கு முயற்சியும் இப்படித்தான் முடிந்தன.

ஐந்தாவது கட்டம்தான் சூட்சுமம். வெள்ளை திருப்பி அனுப்பும் ஒளியை 100 என்று வைத்தால் நடுச்சாம்பல் 50 அனுப்ப வேண்டும் என்றுதானே கணக்கு சொல்கிறது? கண்ணுக்கு நடுவாகத் தெரிவது சுமார் 18. புகைப்படக்காரர்கள் ஒளியை அளக்க வைத்திருக்கும் சாம்பல் அட்டை இந்த 18 சதவீதம்தான். கண் கூட்டல் கழித்தலில் பார்ப்பதில்லை, விகிதத்தில் பார்க்கிறது. ஒரு மெழுகுவத்தி எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் அறையே மாறிவிடும். நூறு எரியும் இடத்தில் நூற்றொன்றாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜெர்மன் உடலியலாளர் வெபரின் அளவீடுகளிலிருந்து அவர் நாட்டவரான ஃபெக்னர் 1860-இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்.

திரையில் வரைபவர்களுக்கும் இதே கதைதான். 0 முதல் 255 வரையுள்ள அளவில் 128 என்று போட்டால், திரை அனுப்புவது முழு ஒளியில் சுமார் 22 சதவீதம். பாதி ஒளி வேண்டுமென்றால் 188 போட வேண்டும். கண்ணின் விகிதக் கணக்குக்கு ஏற்றபடி அந்த எண்வரிசையை முன்கூட்டியே வளைத்து வைத்திருக்கிறார்கள்.

சரிபார்க்க, தாளை எட்டடி தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் அங்கே தாவல் போதவில்லை. எங்கேயாவது கோடு கிழித்தது மாதிரி துண்டாகத் தெரிந்தால் அங்கே தாவல் அதிகம். ஐந்தாவது கட்டம் ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் வெளுத்துத்தான் வரும். கறுக்கப் பயப்படாதீர்கள்.

நன்றாக அமைந்த வரிசையை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரே சீரான சாம்பல்தான், நீங்கள்தான் நிரப்பினீர்கள். ஆனாலும் கறுத்த கட்டத்தைத் தொடும் ஓரம் வெளுத்தும், வெளுத்த கட்டத்தைத் தொடும் ஓரம் கறுத்தும், கட்டங்கள் மெல்லக் குழிந்த தூண் வரிகள் மாதிரித் தெரியும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விவரித்த, எல்லையோரத்தில் கண்ணுக்கு மட்டும் தெரியும் பட்டைகளின் நெருங்கிய சொந்தம் இது. விழித்திரையில் ஒரு செல் கிளர்ந்தால் பக்கத்திலுள்ளதைக் கொஞ்சம் அமுக்குகிறது, அதனால் எல்லைகள் மிகையாகத் தெரிகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது. லிமுலஸ் என்ற குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த அமுக்கலை அளந்து காட்டிய ஹார்ட்லைனுக்கு 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: எல்லையைக் கண் தேடிப்பிடித்துப் பெரிதாக்கும். கரையும் படம் வரைவது என்றால் அந்தத் தேடலுக்குத் தீனி போடாமல் வரைவது.

படி 3: பக்கத்து வீட்டுக்காரரைக் கவனியுங்கள்

இன்னொரு தாளில் நடுச்சாம்பலை ஒரே சீராக நிரப்பி, இரண்டு சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை வெள்ளைத் தாள் மேலும் மற்றொன்றைக் கரிய தாள் மேலும் வையுங்கள். வெள்ளை மேல் இருப்பது கறுத்துப்போகும், கறுப்பு மேல் இருப்பது வெளுத்துவிடும். இரண்டும் ஒரே தாளில் வெட்டியவை என்று தெரிந்தும் கண் ஒப்புக்கொள்ளாது.

பாரிஸில் கோப்லன் திரைச்சீலைப் பட்டறையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் இதில்தான் மாட்டிக்கொண்டார். கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று புகார். நூலை எடுத்துச் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நெசவில் அதை ஒட்டி வந்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதைத் துருவிப் போய் 1839-இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். பிறகு வந்த ஓவியர்கள் பலர் அதைக் கையேடாக வைத்துக்கொண்டார்கள். எட்வர்ட் ஏடல்சன் 1995-இல் செய்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் அதில் அச்சு அசலாக ஒரே சாம்பல்.

இந்தப் படியில் நீங்களே செய்து பார்க்க வேண்டியது இன்னொன்று. ஒரு செவ்வகத்தை முழுக்க ஒரே சாம்பலாக நிரப்புங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் இடப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் கோட்டை நெருங்க நெருங்கக் கறுத்துக்கொண்டே வாருங்கள். வலப்பக்கம் அதே அகலத்துக்கு, கோட்டை நெருங்க நெருங்க ரப்பரால் ஒற்றி வெளுத்துக்கொண்டே வாருங்கள். கோட்டில் மட்டும் கறுப்பும் வெளுப்பும் முட்டிக்கொள்ள வேண்டும். தள்ளி நின்று பார்த்தால் இடப்பாதி முழுவதும் கறுத்தும் வலப்பாதி முழுவதும் வெளுத்தும் இருக்கும். இப்போது ஒரு பென்சிலை அந்த நடுப்பகுதியை மறைக்கும்படி வையுங்கள். இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். இதைக் கார்ன்ஸ்வீட் மாயத்தோற்றம் என்கிறார்கள். கிழக்காசிய மை ஓவியர்களுக்கு இது கைவந்த கலை. நிலவைச் சுற்றி மட்டும் மையைப் பூசி வெளிப்பக்கம் கரையவிடுவார்கள். நிலவும் தாள்தான், வானமும் தாள்தான், ஆனாலும் நிலவு ஒளிரும்.

எதிர்நிலை இரண்டையும் முழுதாக வரைய வேண்டியதில்லை, அவை சந்திக்கும் இடத்தை வரைந்தால் போதும் என்பது எனக்கு இந்தப் பயிற்சியில்தான் உறைத்தது.

படி 4: கட்டத்தை உடைத்துக் கரையவிடுங்கள்

இருபது சென்டிமீட்டர் நீளப் பட்டை. ஒரு முனை தாள் வெள்ளை, மறுமுனை 6பி கறுப்பு. நடுவே எங்கேயும் படிக்கட்டு தெரியக் கூடாது.

விரலால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும்; அப்புறம் எண்ணெய் படிந்த மாதிரி அழுக்காகும், அதன் மேல் பென்சில் ஏறாது. எச்பி-யைத் தளர்வாகப் பிடித்து முழுப் பட்டையிலும் ஒரு பூச்சு, கறுப்பு முனையிலிருந்து தொடங்கி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. அப்புறம் கோட்டின் திசையைச் சற்று மாற்றி 2பி, முக்கால் நீளத்துக்கு. 4பி பாதிக்கு. 6பி கால் நீளத்துக்கு. ஒவ்வொரு பூச்சும் முடியும் இடம் நேர்கோடாக இருக்கக் கூடாது. கிழிந்த துணி ஓரம் மாதிரி, நீண்டும் குறுகியும் முடியட்டும். நேர்கோடாக முடித்தால் மாக் பட்டை உடனே வந்து உட்காரும்.

திரையில் செய்தால் கிரேடியன்ட் கருவி ஒரு நொடியில் போட்டுத் தரும். ஆனால் 256 அளவுகள்தான் இருப்பதால், பெரிய பரப்பில் மெல்ல மாறும் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். மெல்லிய தூசி போல நாய்ஸ் சேர்த்தால் பட்டை மறைந்துவிடும். தாளின் சொரசொரப்பு இதே வேலையை இலவசமாகச் செய்கிறது.

சோதனை: முடித்த பட்டையின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து அரை நிமிடம் கண்ணை அசைக்காமல் பாருங்கள். ஓரங்கள் மெல்ல மங்கி, பட்டை முழுவதும் ஒரே சாம்பலாகத் தேய ஆரம்பிக்கும். சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-இல் எழுதிவைத்த விஷயம் இது. விளிம்பு எவ்வளவு மென்மையோ அவ்வளவு சீக்கிரம் மறையும். எங்கேயாவது ஒரு கோடு மட்டும் பிடிவாதமாக நின்றால் அங்கே உங்கள் கை தடுக்கியிருக்கிறது.

படி 5: முட்டையும் தொலைந்த விளிம்பும்

வெள்ளைத் தாள் மேல் முட்டை, இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு. பின்னால் பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் இருக்கும் ஒரு அட்டை.

முட்டையின் சுற்றுக்கோட்டை வரைந்துவிட்டுத் தொடங்குவதுதான் எல்லோருக்கும் பழக்கம். இந்த முறை கோடே வேண்டாம். நேரே நிழலுக்குப் போங்கள். ஒளி படும் பக்கத்திலிருந்து நகர்ந்தால் நடுநிறம், அப்புறம் மிகக் கறுத்த ஒரு பட்டை, அதற்கப்புறம் ஓரத்தில் மீண்டும் கொஞ்சம் வெளுப்பு. அந்தக் கடைசி வெளுப்பு தாளிலிருந்து எகிறி வரும் ஒளி. முட்டையின் மிகக் கறுத்த இடம் ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. நம்ப முடியாவிட்டால் ஒரு கறுப்புத் துணியை முட்டைக்கு அடியில் விரித்துப் பாருங்கள். அந்த வெளுப்பு போய்விடும்.

இப்போது விளிம்பைச் சுற்றி ஒரு வலம் வாருங்கள். சில இடத்தில் முட்டையும் பின்னணியும் வெட்டிக்கொண்டு நிற்கும். சில இடத்தில் மெதுவாகச் சேரும். ஓரிடத்தில், அநேகமாக நிழல் பக்கம் கீழே, முட்டையின் கருமையும் அதன் நிழலும் ஒன்றாகிவிடும். அங்கே விளிம்பே இல்லை. இதைத் தொலைந்த விளிம்பு என்கிறார்கள். முட்டை அங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் கை ஒரு கோட்டைப் போடத் துடிக்கும். போடாதீர்கள். பார்ப்பவர் அதைத் தானே முடித்துக்கொள்வார். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா சொரசொரத் தாளில் கோன்டே என்ற கறுப்புக் குச்சியால் போட்ட படங்களில் கோடு என்பதே அபூர்வம். வெளுத்த உருவத்தை ஒட்டிப் பின்னணியைக் கொஞ்சம் கறுப்பார், கறுத்த உருவத்தை ஒட்டி வெளுப்பார். மிச்சம் முழுவதையும் கண்ணுக்கு விட்டுவிடுவார். படி 3-இல் நீங்கள் செய்ததேதான்.

விளிம்பைப் புகைபோலக் கரையவிடும் இந்தக் கலையின் உச்சம் லியனார்டோ டா வின்சி. புகை என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து ஸ்ஃபுமாட்டோ என்று பெயர் வந்தது. மாலை மங்கும் வேளையிலும் மேகமூட்டமான நாளிலும் தெருவில் போகிறவர்களின் முகங்களைக் கவனியுங்கள், அப்போதுதான் எவ்வளவு மென்மையாக இருக்கின்றன பாருங்கள் என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் அவர். லூவ்ரில் உள்ள அவர் ஓவியங்களின் முகங்களை 2010-இல் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பூச்சுகள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமனே இருந்தன. அடுக்கடுக்காகச் சேர்த்தாலும் மொத்தம் 30 முதல் 40 மைக்ரோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் பாதி.

மோனா லிசாவில் அவர் கரையவிட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு: வாயின் ஓரமும் கண்ணின் ஓரமும். ஒரு முகம் சிரிக்கிறதா இல்லையா என்று நாம் தேடுவது அங்கேதான், அங்கேதான் அவர் விடை எழுதவில்லை. நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-இல் இன்னொன்றும் சேர்த்தார். அந்தப் புன்னகை பெரும்பாலும் பெரிய, மங்கலான நிழல்களில் இருக்கிறது. ஓரப்பார்வை பிடிப்பது அவற்றைத்தான். அவள் கண்களைப் பார்க்கும்போது உதடு சிரிக்கும். நேரே உதட்டைப் பார்த்தால் சிரிப்பு நழுவிவிடும். அந்தியில் நீங்கள் பக்கத்தில் பார்த்துப் பிடித்த பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் கரைத்தால் படம் பனிமூட்டமாகிவிடும். முட்டையில் எங்காவது ஓரிடத்திலாவது கத்தி மாதிரி விளிம்பு இருக்கட்டும், மென்மை தெரிவதே அதனால்தான்.

படி 6: புரளும் படம் ஒன்று

தாளை இரண்டாக மடித்து, மடிப்பைப் பார்த்தபடி ஒரு பக்கவாட்டு முகத்தை வரைந்து வெட்டி விரியுங்கள். நடுவில் ஒரு குவளை, இரண்டு பக்கமும் எதிரெதிராக முகங்கள். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் இதை வைத்துத்தான் தன் வாதத்தைக் கட்டினார். அவர் கேட்டது: அந்த விளிம்பு யாருக்குச் சொந்தம்? ஒரே வரப்புக்கு இரண்டு பங்காளிகள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பட்டா. குவளைக்குக் கிடைத்தால் முகங்கள் வெறும் பின்புலம். முகங்களுக்குக் கிடைத்தால் குவளை வெறும் ஓட்டை.

நல்ல புரட்டலுக்கு இரண்டு பக்கமும் சமபலம் வேண்டும். சின்னதாக, சுற்றிலும் அடைபட்டு, புடைத்து, சமச்சீராக, கீழ்ப்பக்கமாக இருப்பதை உருவம் என்று எடுத்துக்கொள்வது கண்ணின் வழக்கம். குவளை இதில் பல மதிப்பெண்களை அள்ளிக்கொள்ளும். முகங்களுக்கோ முகம் என்ற ஒரே பலம். குவளையே ஜெயித்துக்கொண்டிருந்தால் மூக்கையும் உதட்டையும் தெளிவாக்குங்கள். முகங்களே ஜெயித்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பலம் உடனே குறையும். எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று அப்போது தெரியும்.

நெக்கர் கனசதுரமும் இந்த வகைதான். சுவிட்சர்லாந்துக்காரர் நெக்கர் படிகங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை தாமாக முன்பின் புரள்வதைக் கண்டு 1832-இல் எழுதினார். கோயில் சிற்பத்தில் வரும் ரிஷபகுஞ்சரம், ஒரே தலையைக் காளையும் யானையும் பங்குபோட்டுக்கொள்வது, இன்னும் கெட்டிக்காரத்தனம்: எந்த உடலைக் கையால் மறைக்கிறீர்களோ அதற்கேற்ப தலை கட்சி மாறும். சொல்லில் இதைச் செய்தால் சிலேடை. காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடினாரே, அதில் 'தோலுரிக்கும்' என்ற இடம் பொதுவிளிம்பு. பாம்பு தானே உரிக்கும், பழத்தை நாம் உரிக்கிறோம்.

இருபொருள் வேறு, குழப்பம் வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபொருளில் ஒவ்வொரு வாசிப்பும் தன்னளவில் தெளிவு. குழப்பத்தில் ஒன்றுகூடத் தெளிவில்லை. "புரியலைன்னா அதுதான் ஆழம்" என்று சொல்லித் தப்பிக்கும் படங்கள் இரண்டாவது ரகம்.

படி 7: ஒன்றை இன்னொன்றாக்குங்கள்

இப்போது கரைவதையும் புரள்வதையும் கோக்கிறோம். இதில் டச்சு ஓவியர் எஷரை விட்டால் ஆளில்லை. 1938-இல் அவர் செதுக்கிய 'வானும் நீரும்' மரச்செதுக்குப் படத்தில் மேலே வெண்வானில் கறுப்புப் பறவைகள், கீழே கருநீரில் வெள்ளை மீன்கள். மேலிருந்து இறங்க இறங்கப் பறவைகள் இறகும் கண்ணும் இழந்து வெறும் கறுப்பு வடிவங்களாகின்றன, கடைசியில் அவையே நீராகின்றன. கீழிருந்து ஏறினால் மீன்கள் அப்படியே வானமாகின்றன. நட்டநடு வரிசையில் இரண்டுக்கும் விவரம் கம்மி, பலம் சமம், விளிம்பு பொது. விவரம் கரைகிறது, சொந்தம் புரள்கிறது.

நீங்கள் எளிதாகத் தொடங்கலாம். ஒன்பது கட்டம், ஒன்றில் இலை, ஒன்பதில் பறவை. படி 2-இன் அதே வரிசை: முனைகள், அப்புறம் 5, அப்புறம் 3, 7, கடைசியில் மிச்சம். ஐந்தாவது கட்டத்தில் இலையையும் பறவையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். அது இரண்டும் கெட்டான் ஆகும். இரண்டுக்கும் பொதுவானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூர்முனை, நடுத்தண்டு அல்லது முதுகுக்கோடு, விரிந்த ஒரு பக்கம். நரம்பு வேண்டாம், இறகு வேண்டாம், கண் கூடவே கூடாது. ஒரே ஒரு புள்ளியைக் கண்ணாக வைத்தாலும் அது பறவைதான், இலை செத்தது.

இனி இந்த வழிகாட்டியின் மையத்துக்கு வருகிறோம். ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்த்து வருபவருக்கு ஆறாவது ஏழாவது கட்டம் வரைகூட அது இலையாகவே நீடிக்கும். ஒன்பதிலிருந்து திரும்பி வருபவருக்கு நான்கு மூன்று வரை பறவையாகவே இருக்கும். ஓர் ஆணின் முகம் மெல்ல மெல்லப் பெண் உருவமாக மாறும் ஒரு படவரிசையை ஜெரால்ட் ஃபிஷர் 1967-இல் வெளியிட்டார்; உளவியல் வகுப்புகளில் இந்தத் தயக்கத்தைக் காட்ட இன்றும் அதை எடுத்துப்போடுகிறார்கள். கண் கடைசியாக எதைப் பார்த்ததோ அதை லேசில் விடாது. ஜன்னலோரம் படித்தவர் பகலை விடாதது மாதிரி.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்கள் படத்தில் கண் எந்தப் பக்கம் நுழையும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். இடமிருந்து வலமாகப் பார்க்கும் பட்டை என்றால், பார்ப்பவரின் மாற்றம் நடுவைத் தாண்டித்தான் நிகழும்; அது நடுவிலேயே நிகழ வேண்டுமென்றால் கட்டங்களின் நடுவை இடப்பக்கம் தள்ளலாம், அல்லது பறவையின் அடையாளங்களை முன்கூட்டியே நுழைக்கலாம். சுவரில் ஒரே பார்வையில் தெரியும் படம் என்றால் இரண்டு முனையும் சேர்ந்தே கண்ணில் விழும், தயக்கம் குறையும்.

ஒலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி: ரோஜர் ஷெப்பர்ட் 1964-இல் உருவாக்கிய ஒலி முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதாகக் கேட்கும். ஒவ்வொரு எட்டாம் சுர இடைவெளியிலும் ஒரு குரல், மேலே போகப் போக ஒன்று தேயும், கீழே இன்னொன்று சத்தமில்லாமல் நுழையும். மாற்றம் எங்கே என்று காது தேடும் இடத்தில் எதுவுமே நடக்காதபடி செய்திருப்பதுதான் அதன் சாமர்த்தியம்.

படி 8: இரண்டு நாணயம், இரண்டு ஆள்

உங்கள் படத்தை நீங்கள் சோதிக்க முடியாது. இலையும் பறவையும் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். இதுவரை பார்க்காத இரண்டு பேர் வேண்டும்.

ஒன்பது கட்டங்களையும் ஒரு அட்டையால் மூடுங்கள். முதல் ஆளுக்கு இலை முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள். "இது இனி இலை இல்லை" என்று தோன்றும் கட்டத்தில் ஒரு நாணயம் வைக்கச் சொல்லுங்கள். "பறவை" என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே கூடாது. நாணயத்தின் இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். இரண்டாம் ஆளுக்குப் பறவை முனையிலிருந்து அதே மாதிரி, அவரிடம் "இலை" என்று சொல்லாமல்.

இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் இடைநிலையின் உண்மையான அகலம். ஒன்று ஏழிலும் மற்றது மூன்றிலும் விழுந்தால் நன்றாகக் கரைந்திருக்கிறது. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், எந்த முனையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவோ அந்த உருவத்தின் பலம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அந்தக் கட்டத்தில் ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கிறது: அலகு மாதிரி ஒரு முனை, நரம்பு மாதிரி ஒரு கோடு. பூதக்கண்ணாடி வைத்தாவது தேடி அழியுங்கள். அழித்துவிட்டு வேறு இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். முதலில் வந்தவர்கள் இனி உதவ மாட்டார்கள், அவர்களுக்குப் பறவை தெரிந்துவிட்டது.